பற்றரியும் மறியலும்

தமிழ்நாட்டின் செங்கல்பட்டில், சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31ஆம் திகதி பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பற்றரி திருடினான் என்பதே அவன் மேலிருந்த வழக்கு. அவனை அடித்துக் கொன்றதாக ஆறு ஊழியர்கள் கைதானார்கள். திருத்தித் தருவதாகப் பொறுப்பேற்ற அரசு, தாயிடம் கொடுத்தது பிணத்தை. பதினெட்டு நிரம்பாத பிள்ளையைப் பூட்டி வைப்பது அறமல்ல.

யாழ்ப்பாணத் தீவகத்தின் புளியங்கூடலுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நாளைக்கு இங்கே ஒரு பொடியன் கரையில் நின்ற வள்ளத்துப் பற்றரியைக் கழற்றி விற்றுவிட்டான் என்று வையுங்கள். ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்துவார்கள். வயது பதினைந்தென்றால் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் அவனைத் தனியாகப் பார்க்கும். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோதோ, பதினாறு பிறந்துவிட்டவன் அதற்கு 'இளம் ஆள்' அல்ல, பெரியவர்களோடு பெரியவன். வாக்களிக்க வயது போதாது, விளக்கமறியலுக்கு மட்டும் போதுமா? பதினெட்டுக்குட்பட்டவரை அடைப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கே இருக்கவேண்டும் என்ற சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. குற்றப் பொறுப்பின் கீழெல்லையை எட்டு வயதிலிருந்து பன்னிரண்டாக்கவே 2018 வரை சென்றது.

வள்ளுவர் செங்கோன்மையோடு நிறுத்தவில்லை. கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை, கண்ணோட்டம் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்துத் தண்டிக்கும் கையை எச்சரித்தார். ஆராயாமல் தண்டித்த பாண்டியன் சிலம்பின் முன்னே உயிரை விட்டான். எல்லாவற்றுக்கும் மேலே மணிமேகலை. அவள் அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்பது தீவகத்தாரின் நம்பிக்கை. குறிகட்டுவானில் படகேறினால் எட்டிவிடும் தூரம். அந்தப் பாத்திரத்தோடு சிறைக்குள் போய்ப் பசித்தவருக்குச் சோறிட்டாள். சோழன் வேண்டியதைக் கேள் என்றபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரக் கேட்டாள். அவனும் தந்தான். உண்டவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை.

பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சலும் நியாயமே. பற்றரி போனால் அன்றைய தொழிலும் போச்சு. மனுநீதிச் சோழனைச் சாட்சிக்கு அழைப்பாரும் உண்டு. ஆனால் அவன் தேர்க்காலில் இட்டது தன் பிள்ளையை. ஊரான் பிள்ளையை அடைக்கச் சொல்பவர் அந்தக் கதையைத் தொடவே கூடாது.

அடைப்பதற்குப் பதிலாக, நன்னடத்தை உத்தியோகத்தர் அந்தப் பொடியனின் வீட்டுக்கு வரட்டும். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டான் என்று கேட்கட்டும். வள்ளக்காரர் முன் அவனைக் கூட்டிப்போய் நிறுத்தட்டும். காலையில் பள்ளிக்கூடம் போகட்டும், மாலையில் வாடியிலிருந்து வலை பொத்திக்கொடுத்துப் பற்றரியின் விலையைக் கழிக்கட்டும்.