பகுதியைக் கொண்டு முழுமையை அறிதல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வடமொழிச் சாத்திர நூலார் ஸ்தாலீபுலாக நியாயம் என்றனர். ஒரே நீரில், ஒரே தீயில் வெந்ததால்தான் அந்தப் பருக்கை மற்றவற்றுக்குச் சான்றாகிறது. புகையும் தீயும் சேர்ந்திருப்பதைச் சில இடங்களில் மட்டும் கண்டவர், காணாத இடங்களுக்கும் அவற்றின் வியாப்தியை, அதாவது பிரியாத் தொடர்பை, எப்படி விரிக்கலாம் என்று, ஊகத்தை ஏற்காத சார்வாகர் கேட்டது, பகுதியிலிருந்து முழுமைக்குத் தாவும் இந்த இடத்தில்தான்.

புள்ளியியல் இந்த ஐயத்தை ஏற்றுக்கொண்டு அதற்கு அளவு காண முயல்கிறது. முழுமைத்தொகுதியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்குமாறு கூறெடுத்தால், நேரக்கூடிய பிழையின் அளவையும் அக்கூறிலிருந்தே கணிக்கலாம். வெறும் எண்ணிக்கை இத்தகுதியைத் தராது. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ், தொலைபேசிப் பட்டியல், கார்ப் பதிவேடு முதலியவற்றிலிருந்து முகவரி திரட்டி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று கணித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ வென்றவரோ ரூஸ்வெல்ட். வசதி குறைந்தோரும் பதில் அனுப்ப முனையாதோரும் அக்கூறில் உரிய அளவில் இடம்பெறவில்லை.

கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், நிகழ்தகவுச் சிந்தனையை, ஒவ்வொரு கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே மெய் என்னும் சமணரின் ஸ்யாத்வாதத்தோடு ஒப்பிட்டு 1954-இல் எழுதினார். தற்செயலால் விளையும் ஐயமும் பார்வையின் எல்லையால் விளையும் ஐயமும் வேறு வேறாதலால் அவ்வொப்புமை முற்றும் பொருந்துவதில்லை. ஆயினும் உறுதியின்மைக்கு அறிவுக்குள்ளேயே இடமளித்த வகையில் அது மதிக்கத்தக்கதே.