யாருக்கு என்று கேட்குமுன்

எல்லோருக்கும் போதாத மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பது அறவியலில் நெடுங்காலமாகப் பேசப்படும் கேள்வி. இளையவருக்கா, முதலில் வந்தவருக்கா, பிழைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளவருக்கா, அல்லது சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதா? இவை தேவையான வாதங்கள்தான். ஆனால் எல்லாமே கையிருப்பு இவ்வளவுதான் என்பதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றன. அந்த அளவை முடிவு செய்தது யார் என்ற கேள்வி அதற்கு முன்னால் வரவேண்டும். பேரிடர்க் காலத்தில் டயாலிசிஸ் திரவத்தை நடமாடும் வண்டிகளில், நோயாளி இருக்கும் ஊரிலேயே தயாரிப்பது பற்றிய பேச்சைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. இருப்பதை நியாயமாகப் பங்கிடும் கடமைக்கு முன்பே இல்லாமையைக் குறைக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்பதே என் வாதம். இல்லாமையைக் குறைக்காதவர்கள் பங்கீட்டில் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் கணக்கு தீர்ந்துவிடாது.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிடைக்கிறது. 1960-இல் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் பொருத்தி விட்டுவைக்கக்கூடிய குழாயை உருவாக்கினார். அதுவரை சில நாட்களுக்கு மட்டுமே பயன்பட்ட டயாலிசிஸ், ஆண்டுக்கணக்கில் உயிர்காக்கும் சிகிச்சையானது. இடமோ சிலருக்கு மட்டும். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய நகரத்தாரிலிருந்து ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. திருமணமானவரா, குழந்தைகள் உண்டா, வருமானம் என்ன, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் அது பார்த்ததை 1962-இல் ‘லைஃப்’ இதழ் எழுதியபோது நாடே கலங்கியது. அதே ஊரில் இன்னொரு விடையும் பிறந்தது. அந்தக் குழு ஏற்காத ஒரு பதின்பருவப் பெண்ணுக்காக, வாஷிங்டன் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் லெஸ் பாப்பும் அவருடைய குழுவினரும் 1964-இல் ஓர் எந்திரம் செய்தார்கள். அடர்கரைசலையும் நீரையும் உரிய விகிதத்தில் தானே கலந்து, வீட்டிலேயே திரவம் தயாரித்துத் தரும் எந்திரம் அது. 1972-இல் வந்த சட்டம் சிறுநீரகம் செயலிழந்த பெரும்பாலோரின் சிகிச்சைச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. சேர்க்கைக் குழுவுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்லர். எவராலும் சரியாக விடை சொல்ல முடியாத கேள்வி அவர்கள்முன் வைக்கப்பட்டது. அவர்களைவிட நல்லவர்களைக் கொண்டுவந்து அமர்த்தியதால் அந்தக் கேள்வி தீரவில்லை. திரவமும் எந்திரமும் பணமும் பெருகியதால்தான் தீர்ந்தது.

ஒரு தடவை டயாலிசிஸுக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ஓடுகிறது. வாரம் மூன்று தடவை என்றால் 360 லிட்டர். அதில் மிகப் பெரும்பகுதி வெறும் நீர். அதனால்தான் மருத்துவமனைகள் திரவத்தை வாங்காமல், ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் அடர்கரைசலைக் கலந்து அங்கேயே தயாரித்துக்கொள்கின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் நிலை வேறு. நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர், கிருமி நீக்கிப் பையில் அடைக்கப்பட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தாக வேண்டும். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளியின் வெள்ளம் வட கரோலினாவின் மாரியன் ஊரிலிருந்த பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலைக்குள் புகுந்தது. நரம்புவழி ஏற்றும் திரவத்தில் அமெரிக்காவின் தேவையில் சுமார் 60 விழுக்காட்டைத் தந்துகொண்டிருந்த ஆலை அது. வயிற்றுவழி டயாலிசிஸ் திரவமும் அங்கேதான் பெருமளவில் தயாரானது. உடனே பங்கீடு வந்தது. வெளிநாட்டு ஆலைகளிலிருந்து இறக்குமதி வந்தது. புதிதாக இந்தச் சிகிச்சையைத் தொடங்கக் காத்திருந்தவர்களுக்குக் கதவு பாதி மூடியது. சியாட்டிலின் பழைய கேள்வி அறுபது ஆண்டு கழித்து வேறு உடையில் திரும்பி வந்தது.

இதை விதி என்று சொல்பவர்கள் உண்டு. பெருமழையை யாரும் வரவழைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாட்டின் உயிர்நீரில் பாதிக்கு மேல் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருக்கும் ஒரே ஆலையிலிருந்து வரட்டும் என்ற ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. ஜூடித் ஷ்க்லர் என்ற அரசியல் தத்துவ அறிஞர் 1990-இல் வந்த தம் நூலில், துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் இடையிலுள்ள கோடு இயற்கை போட்டதல்ல, நம் மனம் போடுவது என்று வாதிட்டார். தடுத்திருக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டால் அதுவும் அநீதியே என்பது அவர் கருத்து. வரப்போவதை முன்பே உணர்ந்து காத்துக்கொள்பவர்களுக்கு நடுங்கவைக்கும் துன்பம் இல்லை என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்வதும் இதையே. சில நாள் டயாலிசிஸ் தவறினால் உடலில் பொட்டாசியமும் நீரும் ஏறி உயிர் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பேரிடர் புதிய நோயாளிகளையும் உருவாக்கும்: 1999 ஆகஸ்டில் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் இடிபாடுகளில் நசுங்கி மீண்டவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நேற்றுவரை நலமாக இருந்தவர்கள் அவர்கள். வரும் என்று தெரிந்த துன்பத்துக்குத் தெரிந்த மருந்து ஒன்று இருக்கும்போது, அதை ஆயத்தம் செய்யாமல் இருந்துவிட்டு விதியைக் கைகாட்டுவது அறமாகாது.

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பைப் பற்றியது. அவசரத்தில் களத்தில் செய்த திரவமே கொன்றுவிட்டால்? இந்த அச்சம் கற்பனையல்ல. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்கத் தண்ணீர் லாரியில் வந்தது. அதிலிருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குடிநீரில் தீங்கில்லாத குளோரமைன்கூட டயாலிசிஸ் நீரில் கலந்தால் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வயிற்றுக்குள் நேரே விடும் திரவத்தில் ஒரு கிருமிக்கும் இடமில்லை. இதிலிருந்து செய்யவே கூடாது என்ற முடிவு கிடைக்கவில்லை. ஒத்திகை இல்லாமல் செய்யக் கூடாது என்ற முடிவுதான் கிடைக்கிறது. நெருக்கடி வந்த பிறகு கண்டுபிடிக்கும் வழிகள்தான் ஆபத்தானவை. பழகிய கருவியும் கையும் இருந்தால் உள்ளூரில் செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கோவிட் பரவிய 2020-இல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான டயாலிசிஸ் திரவம் தீர்ந்தபோது, நியூயார்க்கில் சில மருத்துவமனைகள் வழக்கமான டயாலிசிஸ் எந்திரங்களைக் கொண்டே அதைத் தயாரித்துப் பைகளில் நிரப்பிக்கொண்டன. வேறு வழியில்லாத இடங்களில், உரிய கவனத்தோடு உள்ளூரிலேயே கலந்த வயிற்றுவழித் திரவத்தைப் பயன்படுத்தப் பன்னாட்டு வழிகாட்டுதல்களும் இடம் தருகின்றன. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து செய்பவன் என்று மருத்துவத்தை நான்கு கூறாக வள்ளுவர் வகுத்தார். குளோரமைனை நீக்கும் கார்பன் வடிகட்டியைக் கடந்து வரும் நீரைச் சோதித்துப் பார்க்கும் தொழில்நுட்பர் அந்த நான்காம் கூறைச் சேர்ந்தவர். அவர் இல்லாமல் வண்டியை மட்டும் வாங்கி நிறுத்துவதை ஆயத்தம் என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது எதிர்வாதம் செலவு. என்றோ வரும் பேரிடருக்காக வண்டியையும் ஆர்.ஓ. எந்திரத்தையும் ஜெனரேட்டரையும் சும்மா வைத்திருப்பதைவிட, அதே பணத்தில் சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினால் அதிக உயிர்களைக் காக்கலாமே என்பார்கள். எண்ணிக்கை முக்கியம்தான், நோய் வராமல் தடுக்கும் பணியை நிறுத்தச் சொல்ல எனக்கும் துணிவில்லை. ஆனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு நாம் ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். வாரம் மூன்று நாள் வா, வாழலாம் என்று சொல்லித்தான் சிகிச்சையைத் தொடங்கினோம். அதை நம்பி அவர் வேலையையும் குடும்பத்தையும் அமைத்துக்கொண்டார். முன்பின் தெரியாதவருக்கு உதவுவதும் அறமே. நம் சொல்லை நம்பி நம்மைச் சார்ந்திருப்பவரை நடுவில் கைவிடாமல் இருப்பது அதைவிட இறுக்கமான கடமை. மேலும், இந்த வண்டிகள் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஆலை பழுது, குடிநீர்க் குழாய் உடைப்பு, மின்தடை என்று சிறிய நெருக்கடிகளில் பயன்படுத்தினால்தான் பெரிய நெருக்கடியில் அவற்றை இயக்கும் கை பழகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருக்க எந்தச் சமூகத்தாலும் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே இந்தக் கடமைக்கு இரண்டு எல்லைகள் வைக்கிறேன்: ஆபத்து முன்கூட்டியே தெரிந்ததாக இருக்க வேண்டும், அதற்கான தீர்வு நிறுவப்பட்டதாக, கைக்கெட்டுவதாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் திரவம் இரண்டுக்குள்ளும் அடங்குகிறது. இத்தனையும் செய்த பிறகும் ஒரு நாள் திரவம் போதாமல் போகலாம். அப்போது யாருக்கு என்ற கேள்வியை நடுக்கத்தோடு கேட்கத்தான் வேண்டும். அதற்கான விதிகளையும் முன்பே வகுத்து மக்கள்முன் வைக்க வேண்டும். ஆனால் செய்யக்கூடியதைச் செய்து முடித்தவர்களுக்கே அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி உண்டு. செய்யாமல் இருந்தவர்கள் முதலில், ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு அந்த நோயாளிகளிடம் பதில் சொல்ல வேண்டும்.