பச்சைப் பாம்பு கேட்ட கேள்வி

சீனாவின் ஹாங்சோ நகரில், மேற்கு ஏரிக்கரையில் இருந்த லெய்ஃபெங் கோபுரம் 1924 செப்டம்பர் 25 அன்று சரிந்தது. அதன் செங்கல் ஒன்று வீட்டில் இருந்தால் கேடு அண்டாது என்று நம்பி ஆளுக்கொன்றாகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கோபுரம் எத்தனை நாள் தாங்கும்? சேதி கேட்ட எழுத்தாளர் லூ சுன், சந்தோஷத்தை ஒளிக்காமல் ஒரு கட்டுரையே எழுதினார். கதைப்படி, அந்தக் கோபுரத்தின் அடியில்தான் ஒரு பெண் சிறைப்பட்டிருந்தாள்.

பெண் என்றால், பாம்பு. ஆயிரம் ஆண்டு தவமிருந்து மனித உருவம் பெற்ற வெள்ளைப் பாம்பு. மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒருவனை மணந்துகொண்டாள். ஐந்தாம் மாதத் திருவிழாவன்று கணவன் நீட்டிய மதுவை மறுக்க முடியாமல் குடித்தாள். விஷப்பூச்சிகளை விரட்ட அதில் மனோசிலை கலப்பது வழக்கம். கட்டில் திரையை விலக்கிப் பார்த்தவன், உள்ளே சுருண்டு கிடந்ததைக் கண்டு அதிர்ச்சியில் செத்தே போனான். அவனை உயிர்ப்பிக்கும் மூலிகையைத் தேடி அவள்தான் அலைந்தாள். அப்படியும் ஃபாஹாய் என்ற பிக்கு அவளைப் பிட்சைப் பாத்திரத்தில் பிடித்துக் கோபுரத்தடியில் வைத்தார். ஜனங்கள் அவரை மன்னிக்கவில்லை. வெந்த நண்டின் ஓட்டுக்குள் உள்ள சவ்வைத் திருப்பினால் உட்கார்ந்த சாமியார் போல ஓர் உருவம் தெரியும். தண்டனைக்குப் பயந்து ஒளிந்த ஃபாஹாய்தான் அது என்பார்கள்.

மனிதருக்கும் விலங்குக்கும் நடுவே வேலி உண்டு என்பது பிக்குவின் கட்சி. ஆனால் அவருடைய மதத்தின் தாமரைச் சூத்திரத்திலேயே எட்டு வயது நாககன்னி ஒருத்தி நொடியில் புத்தநிலை அடைகிறாள். பெண்ணுக்கு அது வாய்க்குமா என்று சந்தேகப்பட்டவர் புத்தரின் சீடர் சாரிபுத்திரர். ஒரு நெருடல்: அடைவதற்குமுன் அவள் ஆணாக மாறுகிறாள்.

இந்த இடத்தில்தான் வெள்ளையின் தோழி பச்சை முக்கியமாகிறாள். 1624இல் ஃபெங் மெங்லோங் வெளியிட்ட கதையில் அவள் பாம்புகூட அல்ல, மீன்; வெறும் பணிப்பெண். சிச்சுவான் நாடக மேடையிலோ பச்சை முதலில் ஆண். வெள்ளையிடம் தோற்றுப் பெண்ணாகி அவளுடனேயே இருந்துவிடுகிறான். சண்டை வந்தால் மறுபடியும் ஆண். ஹாங்காங் எழுத்தாளர் லீ பிக்வா 1986இல் மொத்தக் கதையையும் பச்சையின் வாயால் சொல்ல வைத்தார். அதில் பச்சையின் மனம் எந்த ஆணையும்விட வெள்ளையைத்தான் சுற்றுகிறது; பெண்ணுக்குப் பெண்மேல் வந்த காதலாகவே இதைப் படித்தவர்கள் உண்டு.

1993இல் ட்சுயி ஹார்க் அதைப் படமாக்கினார். பச்சையாக வரும் மேகி சியுங், கால் முளைத்தும் பாம்பின் நெளிவை விடாமல் இடுப்பை வளைத்தே நடக்கிறார். வெள்ளைக்கு மனுஷியாவது முக்தி மாதிரி. ஐந்நூறு ஆண்டு மட்டுமே தவமிருந்த பச்சைக்கு அது புரியவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஆக வேண்டியதா இந்தப் பிறவி? பிக்கு இதை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் மனிதராகவே பிறந்துவிட்டவர்.

கோபுரத்தை 2002இல் திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. சுவரில், மரச் செதுக்கலாக, வெள்ளைப் பாம்பின் கதை.