வீடே முதல் தாங்கல்

பிள்ளைகளுக்கு நல்ல புத்தி தரவேண்டும் என்று அய்யாவிடம் கேட்காத தாய் தகப்பன் நம்மில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குக் கூட்டி வருகிறோம். நாமம் சார்த்துகிறோம், இனிமம் வாங்கிக் கொடுக்கிறோம். ஆனால் தாங்கலில் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரம் அது பாடம் படிப்பது நம் வீட்டில், நம்மைப் பார்த்துத்தான்.

வாகைப்பதியில் துவையல் தவசு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 700 குடும்பங்கள் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாய் அங்கே இருந்தன. தினமும் கடலில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒருவேளை உணவை எல்லோரும் சேர்ந்து உண்டார்கள். சுத்தம், பொறுமை, சமத்துவம் இவற்றை அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக யாரும் வகுப்பு நடத்திச் சொல்லவில்லை. பெற்றவர்கள் வாழ்ந்தார்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகினார்கள். பிற்பாடு பல நிழல் தாங்கல்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடமாகவும் இருந்தன. வழிபாடும் படிப்பும் நமக்கு வேறு வேறு அல்ல.

சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். "ஏம்ப்பா தலையில துண்டு கட்டணும்?" என்று கேட்டால், "பேசாம கட்டுல" என்று அதட்டாதீர்கள். மடியில் இருத்திச் சொல்லுங்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் தலைப்பாகை கட்ட உரிமை இல்லாமல் இருந்தார்கள். நம் பாட்டிமார் தோளில் சேலை போட உரிமை இல்லாமல் இருந்தார்கள். தலைக்கு வரி கட்டி, கூலியில்லாத ஊழியமும் செய்தார்கள். அந்த மக்களைத்தான் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கும்படி அய்யா செய்தார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, பள்ளிக்கூடத்தில் யாரிடமும் கூனிக் குறுகாது. யாரையும் கீழாகவும் பார்க்காது.

ஆனால் தாங்கலில் இதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "அந்தப் பையன் எந்த ஆளு? அவன் வீட்டுல சாப்பிட்டியா?" என்று கேட்டால், பிள்ளை எதை நம்பும்? தாங்கலில் கேட்டதை மறந்துவிடும், வீட்டில் கேட்டதைப் பிடித்துக்கொள்ளும். பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. இறைவன் உனக்குள்ளேயே இருக்கிறார் என்பது அதன் பொருள். அந்தக் கண்ணாடி முன் நின்று கும்பிட்ட பெண்பிள்ளையை வீட்டில் "கறுப்பி" என்று கூப்பிடலாமா? கண்ணாடியில் அது கண்ட அய்யாவை நம் வாயாலேயே அழிக்கிறோம் அல்லவா?

பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றார் அய்யா. நாமோ, "முதல் மார்க் எடுத்தா செல்போன்" என்று பிள்ளையிடம் பேரம் பேசுகிறோம். பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படவேண்டாம் என்றார். நாமோ, சோறு தின்னாத பிள்ளையைப் பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துகிறோம். பயத்தாலும் ஆசையாலும் வளர்ந்த பிள்ளை, பெரியவனானதும் அந்த இரண்டுக்குமே தலைவணங்கும். கலி நம் வீட்டுக்குள் நுழைகிற வாசல் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். திருஏடு வாசிப்பில் ஏட்டின் முன் இருப்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். பிள்ளைகள் உகப்படிப்பைக் காதால் கேட்டு ஒப்பிக்கிறார்கள்; ஏட்டைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் திணறுகிறார்கள். கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை 27-ல் அரிகோபாலன் சீடர் வழியாக அய்யா அருளிய அகிலத்திரட்டு, 1939-ல் அச்சிலும் வந்துவிட்டது. இன்று எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. வாசிக்கப் பிள்ளை இல்லாமல் போனால் என்ன பயன்?

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அந்தியில் விளக்கேற்றி உகப்படிப்பு முடித்ததும், டிவியை நிறுத்திவிட்டு, 10 வரி மட்டும். தாயோ தகப்பனோ ஒரு வரி படிக்க, பிள்ளை திருப்பிப் படிக்கட்டும். புரியாத சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தாங்கலில் மூத்தவர்களிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். அகிலத்தில் 15,000-க்கும் மேல் வரிகள். தினம் 10 வரி என்றால் நாலு வருடத்துக்குச் சற்று கூடும். ஆறு வயதில் தொடங்கிய பிள்ளை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வேளையில் ஏடு முழுவதையும் ஒருமுறை வாசித்திருக்கும். தமிழும் வந்துவிடும், தருமமும் வந்துவிடும்.

படிப்பறியாத தாய்மார்கள் வருத்தப்பட வேண்டாம். பிள்ளையைப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து கேளுங்கள். தாய் காது கொடுத்துக் கேட்கிறாள் என்றாலே பிள்ளை திருத்தமாகப் படிக்கும். சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தவருக்கு அந்தப் பிள்ளையின் கையாலேயே அன்னம் கொடுக்கச் செய்யுங்கள். அதுவும் ஒரு பாடம்.

நிலமும் நகையும் சேர்த்து வைக்க எல்லோராலும் முடியாது. இந்த 10 வரியை எந்த ஏழையும் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம். இன்று அந்தியிலேயே தொடங்குங்கள். அய்யா கூட இருப்பார்.

அய்யா உண்டு!