பழைய கணக்கும் புதிய வாக்குறுதியும்

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில், பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தை ஒட்டி நிற்கிறது சோப்பு, ஷாம்பு விற்கும் யூனிலீவரின் தலைமையகம். 2010இல் அந்நிறுவனம் உலகுக்கு ஒரு வாக்குறுதி தந்தது: வியாபாரம் இரு மடங்காகும், சூழலுக்கு விளையும் கேடு பாதியாகும். அப்போதைய தலைவர் பால் போல்மன், நீண்டகாலப் பார்வை வேண்டுமென்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்கு வெளியிடும் வழக்கத்தையே நிறுத்தியவர்.

இத்தகைய நிறுவனங்கள் இல்லாமல் மாற்றம் வராது என்பது உண்மைதான். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாய்த் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டின் உறையை மாற்றும் வல்லமை எந்தச் சிறு தொழில்முனைவோருக்கும் கிடையாது. அந்த வல்லமைதான் பொறுப்பையும் தருகிறது.

ஆனால் கொடைக்கானலை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. யூனிலீவரின் இந்தியக் கிளை நிறுவனம் அங்கே நடத்திய தெர்மாமீட்டர் ஆலை, பாம்பார் சோலைக்காட்டுக்கு மேலே இருந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் காயலான் கடை ஒன்றில் கிடந்ததை 2001இல் ஊர் மக்களும் கிரீன்பீஸ் சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. பாதரசத்தால் நோயுற்றதாகக் கூறிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016இல். பதினைந்து ஆண்டுகள்! தொழிலாளர்களின் நோய்களுக்கு ஆலை காரணமல்ல என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்காடல் அதன் பின்னரும் ஓயவில்லை. லண்டனில் உலகுக்கு வாக்குக் கொடுத்த காலத்தில், கொடைக்கானலில் பழைய கடன் தீராமலே கிடந்தது.

பின்னர் தந்த புதிய வாக்கும் நிலைக்கவில்லை. புது பிளாஸ்டிக் பயன்பாட்டை 2025க்குள் பாதியாக்குவோம் என்றவர்கள், 2024இல் அதை 2026க்குள் 30 சதவீதம் எனச் சுருக்கினார்கள். ஷாம்பு பாக்கெட் போன்ற மெல்லிய உறைகளை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ மக்குவதற்கோ ஏற்றவையாக மாற்றும் கெடு 2035 வரை தள்ளிப்போனது. எட்ட முடியாத இலக்கைத் திருத்துவது நேர்மை என்று வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பது பங்குதாரர்கள் அல்ல, சாக்கடை அடைத்த தெருவில் குடியிருப்பவர்கள்.

எனவே நல்ல மனம் கொண்ட தலைவர் ஒருவரை நம்பி இதை விட்டுவிட முடியாது. அவர் போனால் கொள்கையும் போகலாம். வாக்குறுதி சட்டமாக வேண்டும், தவறினால் தண்டம் வேண்டும். அதற்கும் முன்பு, கெடுத்த மண்ணைச் சீர்செய்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத எந்த நிறுவனத்துக்கும் பசுமைக்கு வழிகாட்டும் தகுதி இல்லை.