மணலுக்கு வாடகை உண்டோ?

விற்பவன் எவ்வளவு விலை கேட்கலாம் என்னும் வினா மிகப் பழையது. அரிசியைக் குறித்தும் எண்ணெயைக் குறித்தும் இவ்வினாவை எழுப்பி விடை கண்டோர் பலர். கடற்கரையில் வாடகைக்கு விடப்படும் சாய்வு நாற்காலியைக் குறித்து அறநோக்கில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அஃது உணவன்று, மருந்துமன்று. விரும்பியவர் காசு கொடுத்து அமர்கிறார், விரும்பாதவர் அப்பால் நடக்கிறார். இதில் நேர்மை என்னும் பேச்சுக்கு இடமேது? கேள்வி இயல்பானதே. ஆயினும் ஐரோப்பாவின் தென்கரைகளில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நோக்குவோமாயின், நாற்காலியைக் காட்டிலும் அதன் கால்கள் ஊன்றியிருக்கும் நிலமே சிந்தனைக்கு உரியது என்பது புலனாகும்.

கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஏஜியன் கடலில் பாரோஸ் என்றொரு தீவு உண்டு. 2023ஆம் ஆண்டுக் கோடையில் அத்தீவின் மக்கள் தங்கள் கடற்கரைகளில் திரண்டு கிளர்ச்சி செய்தனர். குளித்தபின் உடல் துவட்டும் துண்டை மணலில் விரித்து அமர்வதற்கு இடம் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. ஆகையால் அதற்குத் 'துண்டு இயக்கம்' என்றே பெயர் வழங்கியது. உணவு விடுதிக்காரர்கள் கடற்கரையின் ஒரு பகுதியில் நாற்காலியும் குடையும் இட்டு வாடகைக்கு விட உரிமம் பெற்றிருந்தனர். அவருள் பலர் உரிமம் பெற்ற எல்லையைக் கடந்து, கரை முழுவதும் நாற்காலிகளைப் பரப்பிவிட்டனர். ஓரிணை நாற்காலிக்கும் ஒரு குடைக்கும் ஒரு நாள் வாடகையாகச் சிற்சில இடங்களில் 100 யூரோவுக்கு மேலும் கேட்கப்பட்டது. அத்தீவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம், தன் கடலில் குளிக்கத் தனக்கே இடமில்லாமல் திரும்ப நேர்ந்தது. கிளர்ச்சி வேறு தீவுகளுக்கும் பரவியது. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டரசு புதுச் சட்டம் இயற்றி, நீர்விளிம்பிலிருந்து 4 மீட்டர் தொலைவுக்குள் நாற்காலி கூடாது என்றும், கரையின் பெரும்பகுதி பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. எல்லை மீறுவோரைக் குறித்து எவரும் கைப்பேசி வாயிலாக முறையிடவும் வழி செய்தது.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மக்கள் சினந்தது விலை உயர்ந்தமைக்காக மட்டுமன்று. விலை கொடுக்க மறுத்தவர்க்குச் செல்ல இடமில்லாமற் போனதே அவர்களைத் தெருவுக்குக் கொணர்ந்தது. பட்டுப் புடவைக்கு வணிகர் எவ்வளவு கேட்டாலும் நாம் வருந்துவதில்லை; பருத்திப் புடவை அடுத்த கடையில் கிடைக்கிறது. பருத்தி முழுவதையும் ஒருவர் மறைத்து வைத்துவிட்டுப் பட்டை மட்டுமே விற்பாராயின், அவர் கேட்கும் விலை எவ்வளவு சிறிதாயினும் அது நேர்மையான விலையாகாது. நாற்காலிக்கும் இதுவே பொருந்தும். அருகிலே திறந்த மணல் இருக்குமாயின் நாற்காலிக்குக் கேட்கும் விலை ஒரு வேண்டுகோள், ஏற்கலாம், மறுக்கலாம். திறந்த மணலே இல்லையெனில் அது சுங்கமாகிவிடுகிறது.

இனி, நாற்காலிக்கென்று தக்க விலைதான் எவ்வளவு? நாம் பல ஆண்டுகள் கரும்பலகையில் இலாப நட்டக் கணக்குகளை எழுதிப் போட்டவர்கள். அக்கணக்குகள் இலாபம் எத்தனை விழுக்காடு என்று கேட்குமேயன்றி, அந்த இலாபம் தகுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை! அக்குறை நீங்க இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனையே. இரண்டு நாற்காலியும் ஒரு குடையும் 400 யூரோ. நான்கு ஆண்டுகள் உழைக்கும் எனில் ஆண்டுக்கு 100. பருவம் 100 நாள். காலையில் விரித்து, மாலையில் மடக்கி, மணலைத் துப்புரவு செய்து, நீந்துவோரைக் காக்கும் ஆட்களின் ஊதியத்தில் இந்த இணையின் பங்கு நாளொன்றுக்கு 5 யூரோ என்றால் 500. பழுது பார்த்தல், மழைக்காலத்தில் காத்து வைத்தல், உரிமக் கட்டணம் ஆகியவற்றுக்கு 120. மொத்தம் 720. மழையும் காற்றும் ஆளின்மையும் போக 60 நாள்களே வாடகைக்குப் போகிறது எனில், நாளொன்றுக்கு 12 யூரோ அடக்க விலை. உரிமையாளர் குடும்பம் ஆண்டு முழுவதும் உண்ண வேண்டுமாகையால் அதன்மேல் 6 யூரோ வைத்தாலும் 18 ஆகும். சும்மா கிடக்கும் மரக்கட்டைக்கு இவ்வளவா என்று முணுமுணுக்கும் பயணி, ஆளில்லாத நாற்பது நாள்களையும் கூலியாளின் வயிற்றையும் தம் கணக்கில் சேர்ப்பதில்லை. மிகக் குறைந்த விலைக்கு விடும் இடத்தில் எவரோ ஒருவருடைய கூலி குறைந்திருக்கிறது என்று ஐயுறுவதில் தவறில்லை.

ஆனால் 18 எங்கே, 100 எங்கே? இடையிலுள்ள தொகை எதற்காக வாங்கப்படுகிறது? இதற்கு விடையைக் கடற்கரைக்காரர்களே தம் விலைப்பட்டியலில் எழுதி வைத்திருக்கின்றனர். இத்தாலி நாட்டுக் கரைகளில் குடைகள் வரிசை வரிசையாக நிற்கும். கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு மிகுந்த விலை. பின்னே செல்லச் செல்ல விலை குறையும். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் இருப்பது அதே நாற்காலி, அதே துணி, அதே ஆள் விரித்தது. ஆகவே வேறுபாட்டுத் தொகை நாற்காலிக்குரியதன்று, கடலுக்குரியது. அக்கடலை அவர் செய்யவில்லை, வாங்கவுமில்லை. முன்வரிசை இடங்கள் சிலவே, விரும்புவோர் பலர், விலையன்றி வேறெவ்வாறு பங்கிடுவது என்று கேட்பாரும் உளர். அவ்வாறே பங்கிடட்டும், அந்த மிகுதித் தொகை கடலுக்கு உரியவர்களிடம் சேரட்டும் என்பதே நம் மறுமொழி.

கடலுக்கு உரியவர் யார்? கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கை நியதியால் எல்லார்க்கும் பொதுவானவை என்று வகுத்தது. இன்றைய இத்தாலியச் சட்டத்திலும் கடற்கரை அரசின் பொதுச் சொத்தே. அதை எவரும் விலைக்கு வாங்க இயலாது. குறித்த காலத்துக்கு உரிமம் பெற்று நடத்தலாம். நடைமுறையோ வேறு. உரிமங்கள் போட்டியின்றித் தாமாகவே நீட்டிக்கப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு நிலபுலன் போல இறங்கி வந்தன. அரசு வாங்கிய கட்டணமும் மிகச் சிறிது. அதன் கீழெல்லை 2021ஆம் ஆண்டுக்கு முன் சில நூறு யூரோவே. அவ்வாண்டு 2,500 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதையும் எண்ணிப் பார்ப்போம்: நாளொன்றுக்கு 25 யூரோ வீதம் 100 நாள் போகும் ஒரே ஓர் இணை நாற்காலியின் வரவு 2,500 யூரோ! எத்தனையோ இணைகள் இடப்பட்டிருக்கும் கரைக்கு அரசு கேட்கத் துணிந்த குறைந்த அளவு அவ்வளவே. பொதுச் சொத்தின் பயன் இவ்வாறு சிலர் பையில் தங்கிற்று.

இத்தகைய ஈட்டத்தைத் திருட்டு என்று சொல்லலாமா? சொல்லத் தயங்குகிறோம். பாரம்பரியமாக நடத்தி வருவோரில் கரையைத் துப்புரவாக வைத்தும், மூழ்குவோரைக் காத்தும் பாடுபட்ட நல்லோர் பலர் இருக்கின்றனர். எனினும் கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நம் நூலோர் கூறிய ஐந்து அதிசாரங்களை இங்கு நினைவுகூரலாம். பிறர் வீட்டுக் கன்னமிடுதல் அவற்றுள் இல்லை. அது விரதத்தையே முறிப்பது. அதிசாரங்களாகச் சொல்லப்பட்டவை, பொய்யளவு, போலிச் சரக்கு, அரசு வகுத்த வரம்பைக் கடந்து பொருளீட்டல் போன்றவை. வணிகர் தம்மைத் திருடரென்று கருதாமலே செய்யக்கூடிய செயல்கள் இவை. உரிமத்தில் எழுதியதற்கு மேலே பத்தடி மணலில் நாற்காலியை நகர்த்தி வைப்பவரும் தம்மைத் திருடரென்று எண்ணுவதில்லை.

அயலூர்ப் பயணியிடம் கூடுதலாக வாங்குவது முறையா என்பது இதனோடு ஒட்டிய வினா. நம் நாட்டிலேயே மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காண, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்தியருக்கு 40 ரூபாயும் அயல்நாட்டவர்க்கு 600 ரூபாயும் கட்டணம். அக்கோயில் இந்தியர் செலுத்தும் வரியால் காக்கப்படுகிறது. வாயிலில் இரண்டு கட்டணங்களும் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. முகம் பார்த்து மாற்றப்படுவதில்லை. ஆதலின் அதனை ஒப்பலாம். ஆடையையும் மேனி நிறத்தையும் நோக்கி வாய்க்கு வந்ததைக் கேட்கும் வணிகம் வேறு. அறியாமையை அளந்து அதற்கேற்ப விலை சொல்வது பொய்யளவின் இனமே. எழுதிய விலை ஒன்று தொங்குமாயின் பாதிக் குற்றம் அங்கேயே ஒழிந்துவிடும்.

மணலைத் திறந்து விட்டாலும் எல்லாம் சரியாகிவிடுமோ என்றால், மனிதர் அவ்வளவு எளியவர் அல்லர். விடியுமுன் எழுந்து துண்டையும் குடையையும் நட்டு வைத்துவிட்டு, அறைக்குச் சென்று உறங்கி, நண்பகலில் வரும் பயணிகள் அக்கரைகளில் உண்டு. அவ்வாறு ஆளின்றிக் கிடப்பவற்றை அகற்றித் தண்டம் விதிக்கும் ஊர்களும் உண்டு. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் சன்னல் வழியே துண்டைப் போட்டு இருக்கை பிடிக்கும் காட்சியைக் கண்டவர்க்கு இதை விளக்கவே வேண்டா. உரிமை கோரும் துண்டும் அபகரிக்கும் துண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. விரித்த துண்டின்மேல் ஆள் இருக்கிறாரா என்பதே வேறுபாடு.

மற்றொரு தடையும் உண்டு. அதை நாம் வயதின் காரணமாகவே நன்கு உணர்கிறோம். திறந்த மணல் இருந்தால் நாற்காலி விலை எப்படியிருப்பினும் தீங்கில்லை என்றோம். எழுபதைக் கடந்த முழங்கால்களுக்கு மணலில் அமர்வதும், அமர்ந்தபின் எழுவதும் எளிய செயல்களா? முதியோர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் நாற்காலி ஆடம்பரமன்று. அஃது இல்லையேல் கடலே இல்லை. இவர்களுக்கு 'விரும்பாதவர் அப்பால் நடக்கலாம்' என்னும் விடை பொருந்தாது. கிரேக்கக் கடற்கரைகள் பலவற்றில், சக்கர நாற்காலியை விட்டுத் துணையின்றி நீரில் இறங்கத் தண்டவாளத்தின்மேல் நகரும் இருக்கைகள் கட்டணமின்றி நிறுவப்பட்டுள்ளன. கதிரவன் ஒளியால் அவை இயங்குகின்றன. சென்னை மெரினாவிலும் 2022 நவம்பரில் மணலின் குறுக்கே மரப்பாதை ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமுற்றதும், அதைச் செப்பனிட்டதும் அன்பர்கள் அறிந்தவையே. பல ஆண்டுகள் சாலையோரத்தில் இருந்தே அலையைக் கண்டவர்கள் அதன்வழியே சென்று அருகிருந்து கண்டனர். அப்பாதைக்கு நுழைவுச் சீட்டு இல்லை. வாடகை நாற்காலி வரிசையிலும் ஒரு சில இடங்களை இத்தகையோர்க்கு அடக்க விலைக்கோ விலையின்றியோ ஒதுக்குதல் உரிமத்தின் கட்டளையாகவே இருத்தல் வேண்டும். உரிமையாளரின் ஈகைக்கு விட்டுவிடலாகாது.

இத்தாலியில் இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2006ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சேவைக் கட்டளைப்படி உரிமங்களைத் திறந்த போட்டியில் வழங்க வேண்டும். 2016இல் ஐரோப்பிய நீதிமன்றமும், 2021இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றமும் தாமாக நீட்டிக்கும் வழக்கத்தைச் செல்லாதென்றன. 2024 ஆகஸ்டில் கடற்கரைக்காரர்கள் தம் எதிர்ப்பைக் காட்ட ஒருநாள் காலையில் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காது வைத்தனர். (நிழலை நிறுத்தி வைத்தும் போராட இயலும் என்பது நமக்குப் புதுமையே!) அவ்வாண்டு செப்டம்பரில் அரசு ஆணை ஒன்று, உரிமங்களை 2027 செப்டம்பர் வரை நீட்டித்து, அதற்குள் போட்டியை நடத்தும்படி ஊராட்சிகளைப் பணித்தது.

போட்டி என்றதும் யார் மிகுதியாகப் பணம் தருகிறாரோ அவருக்கே கரை என்று முடிவு செய்வது எளிது. அவ்வாறு செய்யின் வென்றவர் தாம் கொடுத்ததை நாற்காலியில் அமர்வோரிடமே திரட்டுவார். அரசின் பை நிறையும், குடும்பத்தோடு வருபவர் பை இளைக்கும். கட்டணத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், இவர் எத்தனை யூரோவுக்கு மேல் வாங்குவதில்லை என உறுதி தருகிறார், எத்தனை ஆட்களுக்கு எவ்வளவு ஊதியம் தருகிறார், இரு நாற்காலி வரிசைகளுக்கு இடையே எத்தனை மீட்டர் வெறும் மணலை விடுகிறார் என்பனவற்றையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. அம்மூன்றனுள் கடைசியானதற்கே மிகுந்த மதிப்பெண் இடுவோம். துண்டோடு வருகிற குடும்பத்துக்கு வேண்டியது அந்தச் சில மீட்டர்தான்.