அறிதுயிலும் விழிப்பும்

மைசூருவுக்கு மன அமைதியைத் தேடி வருவோர் பலர். 1933ஆம் ஆண்டு நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை ஒன்றை நடத்தத் தொடங்கினார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோரின் வாயிலாக யோகாசனக் கலை கடல் கடந்து பரவிற்று. இன்றும் அயல்நாட்டு மாணவர்கள் யோகம் பயில இந்நகருக்கு வருகின்றனர்.

ஆனால் ஓய்வான நகரம் என்று பெயர்பெற்ற மைசூருவிலும் வாழ்க்கையின் வேகம் மாறிவிட்டது. கணினித் துறை இளைஞர், இரவுப் பணி பார்க்கும் மருத்துவர், தேர்வுத் தாள்களில் மூழ்கிய ஆசிரியர், பெற்றோரையும் பிள்ளைகளையும் பேணி அலுவலகமும் செல்லும் பெண்மணி எனப் பலரும் 'இனி என்னால் முடியாது' என்னும் எல்லையில் நிற்கின்றனர். நம் நாட்டின் எந்த நகரத்திலும் இதே நிலைதான். இத்தகையோருக்கு இன்று கூறப்படும் வழிகளுள் ஒன்று ஹிப்னாடிச சிகிச்சை.

ஆன்மீக வாழ்வில் நாட்டமுள்ள அன்பர்களின் உள்ளத்தில் இது ஒரு கேள்வியை எழுப்புகிறது: மற்றொருவரின் சொல்லுக்கு மனத்தை ஒப்படைத்து அமைதி பெறுவது முறைதானா? அவ்வாறு கிடைக்கும் அமைதி உண்மையில் நமக்குச் சொந்தமானதா?

நோயும் மருந்தும்

முதலில் நோயை அறிவோம். 'பர்ன்-அவுட்' எனப்படும் பணிச்சோர்வைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974ஆம் ஆண்டு எழுதினார். உலக சுகாதார நிறுவனம், 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தனது நோய்ப் பட்டியலில் இதற்கு மூன்று அடையாளங்களைத் தருகிறது: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் பணியிலிருந்து மனம் விலகிக் கசத்தல், பணித்திறன் குன்றுதல். அந்நிறுவனம் இதைத் தனியொரு நோயாகக் கருதவில்லை. பணியிடத்தில் நாள்பட்ட மன அழுத்தம் சரிவரக் கையாளப்படாததன் விளைவு என்றே கூறுகிறது. இந்த நுட்பமான வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனி, மருந்தைக் காண்போம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், தம்மிடமிருந்து ஒருவகைக் காந்த சக்தி நோயாளிக்குள் பாய்ந்து குணப்படுத்துவதாகக் கூறினார். பிரெஞ்சு மன்னர் 1784இல் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தனர். அத்தகைய சக்தி எதுவும் இல்லை, நோயாளியின் கற்பனையே வேலை செய்கிறது என்று அக்குழு முடிவு கூறியது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஓர் இந்தியர். கோவாவின் காண்டோலிம் கிராமத்தில் 1756ஆம் ஆண்டு பிறந்த கிறிஸ்தவத் துறவி அபே பாரியா, 1813இல் பாரிஸ் நகரில் இதைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 'சக்தி துயிலச் செய்பவனிடம் இல்லை. துயில்பவனிடமே உள்ளது' என்பதுதான் அவர் கூறியதன் சாரம். பனாஜி நகரில் அவரது சிலை இன்றும் நிற்கிறது. பின்னர் 1840களில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் பரப்பினார்.

இதன் பலன் வெறும் கற்பனை அன்று. மயக்க மருந்துகள் புழக்கத்திற்கு வருமுன்பே, 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் இம்முறையால் வலியைத் தணித்து அறுவை சிகிச்சைகள் செய்தார். இன்றைய மருத்துவத்தில் வலியைத் தணிக்கவும், சிலவகைக் குடல் கோளாறுகளுக்கும் இது பயன்படுகிறது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2003ஆம் ஆண்டு, தக்க பயிற்சி பெற்றவர்கள் கையாளத்தக்க ஒரு சிகிச்சை முறையாக இதை ஏற்றது. எனினும் பணிச்சோர்வை இது தீர்க்கும் என்பதற்கு அதே அளவு உறுதியான சான்றுகள் இன்னும் திரளவில்லை. தசைகள் தளர்வதும், மனம் சற்று நேரம் ஓய்வதும், உறக்கம் சீராவதும் பலருக்குக் கிடைக்கக்கூடிய நன்மைகள். அவற்றுக்கு மேல் வாக்குறுதி தருபவரிடம் எச்சரிக்கை தேவை.

சுவாமிஜியின் எச்சரிக்கை

சுவாமி விவேகானந்தர் 1896இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலில், பிரத்யாஹாரத்தை விளக்கும் இடத்தில் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறார். வெறிகொண்டு ஓடும் குதிரைகளைக் கடிவாளத்தாலும் கைவலிமையாலும் அடக்குவது ஒன்று. வேறொருவரை அழைத்து அவற்றின் தலையில் அடிக்கச் சொல்லி, மயங்கி நிற்கச் செய்வது வேறு. பிறருடைய சங்கல்பத்தால் நம் மனம் அடங்குவதை அவர் இரண்டாவதற்கு ஒப்பிடுகிறார். அப்போது குதிரை நிற்கிறதே தவிர, சாரதி எதையும் கற்றுக்கொள்வதில்லை. மீண்டும் மீண்டும் இப்படிச் செய்தால், சாரதியின் கை மேலும் தளர்ந்துபோகும். இதுவே அவரது கவலை.

அப்படியானால் இச்சிகிச்சையை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். தாய் பாடும் தாலாட்டும் ஒருவகைக் கருத்தேற்றமே. ஒரே இசை, ஒரே அசைவு, 'கண்ணுறங்கு' என்று திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொல். குழந்தை தன் மனத்தை அந்தக் குரலிடம் ஒப்படைத்து உறங்குகிறது. இதை யாரும் தவறென்று கூறுவதில்லை. பல இரவுகள் உறங்காமல், கண்ணீர் வற்றி, சிந்திக்கும் ஆற்றலே ஓய்ந்துபோன ஒருவரிடம், 'உன் மனத்தை நீயே அடக்கு' என்று உபதேசிப்பது வேதாந்தமாகாது, அது இரக்கமின்மை. அவருக்கு முதலில் தேவை இளைப்பாறுதல். அதைப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் தந்தால், நன்றியுடன் பெற்றுக்கொள்ளலாம்.

ஆனால் எந்தத் தாயும் தன் குழந்தை வாழ்நாள் முழுவதும் தொட்டிலில் கிடக்க வேண்டும் என்று தாலாட்டுவதில்லை. குழந்தை விழித்தெழுந்து நடக்க வேண்டும் என்பதற்காகவே உறங்க வைக்கிறாள். நல்ல மருத்துவரும் அவ்வாறே. மனத்தைத் தளர்த்தும் முறையை நோயாளிக்கே கற்றுக்கொடுத்து, தாம் தேவைப்படாத நிலைக்கு அவரைக் கொண்டுசெல்கிறார். துயரத்தைத் தணிக்கப் பிறர் உதவலாம். ஆனால் நம் மனத்தை ஆளும் ஆற்றலை நமக்காகப் பிறர் ஈட்டித் தர இயலாது.

நாம் முன்பே மயங்கியிருக்கிறோம்

'நாமஜபமும் தியானமும் கூடச் சுய ஹிப்னாடிசம் தானே?' என்று சிலர் கேட்பதுண்டு. 1896 மார்ச் மாதம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் தத்துவச் சங்கத்தில் சுவாமிஜியிடம் இதையொட்டிய கேள்வி எழுப்பப்பட்டது. நாம் ஏற்கெனவே மயக்கத்தில்தான் இருக்கிறோம், அந்த மயக்கத்திலிருந்து வெளிவருவதே செய்ய வேண்டியது என்பது அவர் தந்த பதிலின் கருத்து. 'நான் அற்பமானவன், இந்தப் பதவியும் சம்பளமுமே நான்' என்ற எண்ணத்தை நமக்குள் ஏற்றியவர் யார்? அதை நாள்தோறும் ஓதிக்கொண்டிருப்பவர் யார்? ஜபமும் தியானமும் புதியதொரு மயக்கத்தைச் சேர்ப்பதில்லை. பழைய மயக்கத்தைக் கலைக்கின்றன.

இதற்கு மைசூரு சம்பந்தப்பட்ட நிகழ்ச்சி ஒன்று விளக்கம் தருகிறது. சுவாமிஜி 1892ஆம் ஆண்டு இங்கே மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். ஒருநாள் சபையில், தமது அவையினரைப் பற்றி என்ன கருதுகிறீர்கள் என்று மகாராஜா கேட்டார். மகாராஜா நல்ல உள்ளம் படைத்தவர் என்றும், ஆனால் அவரைச் சூழ்ந்திருப்பவர்கள் எங்குமுள்ள அவையினரைப் போன்றவர்களே என்றும் சுவாமிஜி தயக்கமின்றிக் கூறினார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று மகாராஜா பின்னர் தனிமையில் எச்சரித்தபோதும், அவர் அஞ்சவில்லை. முகஸ்துதியும் ஒரு கருத்தேற்றமே அல்லவா? நாள்தோறும் காதில் விழும் இனிய சொற்கள் அரசனையும் துயிலச் செய்துவிடும். உண்மையைச் சொல்லும் நண்பரே நம்மை எழுப்புபவர்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1894 ஜூன் 23ஆம் நாள், சிகாகோவிலிருந்து சுவாமிஜி அதே மகாராஜாவுக்குக் கடிதம் எழுதினார். பல நூற்றாண்டுகளாக மிதிபட்ட ஏழை மக்கள் தாங்களும் மனிதர்கள் என்பதையே மறந்துவிட்டனர். கல்வியின் மூலம் அவர்கள் இழந்த தனித்தன்மையை மீட்டுத்தர வேண்டும். அதன்பின் தங்கள் உயர்வை அவர்களே தேடிக்கொள்வார்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். துன்புறுவோருக்கு இன்னும் இனிய உறக்கத்தை அவர் வேண்டவில்லை. அவர்களுக்கு விழிப்பையே வேண்டினார்.

இங்குதான் பணிச்சோர்வைப் பற்றி முன்னர் கண்ட நுட்பம் பொருள்படுகிறது. சோர்வுக்குக் காரணம் பணியிடத்தின் அநியாயமான சுமையாக இருந்தால், ஊழியரை மட்டும் சிகிச்சைக்கு அனுப்பி, 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லப் பழக்குவது தர்மமாகுமா? அது வலியை நீக்கி, முள்ளை உள்ளேயே விட்டுவிடுவது போன்றது. பணிச்சுமையைக் குறைக்க வேண்டியது பணி தருபவரின் கடமை. அதேசமயம், நம் பேராசையும் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் ஏற்றிய சுமையும் அதில் இருக்கலாம். எது பிறர் ஏற்றியது, எது நாமே சுமந்துகொண்டது என்று பிரித்தறியத் தெளிந்த மனம் வேண்டும். விவேகம் என்பது இதுவே.

மூன்று கேள்விகள்

ஆகவே, இத்தகைய சிகிச்சையை நாடும் அன்பர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: இவர் முறையான பயிற்சி பெற்ற மருத்துவரா, உளவியலாளரா? நீடித்த சோகமோ, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால், மனநல மருத்துவரிடம் செல்வதே முதற்கடமை. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாவது: நாளாக ஆக இவருடைய தேவை எனக்குக் குறைகிறதா, பெருகுகிறதா?

மூன்றாவது: கிடைத்த அமைதியைக் கொண்டு, மாற்ற வேண்டியதை மாற்றும் துணிவு எனக்கு வருகிறதா? அல்லது எதையும் காணாமல் இருக்கும் சுகம்தான் வருகிறதா?

மைசூருவிலிருந்து சற்றுத் தொலைவில், காவிரி சூழ்ந்த தீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. சிவசமுத்திரம், நமது ஸ்ரீரங்கம் ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படும் மூன்று அரங்கங்களில் இதுவே ஆதிரங்கம். அங்கே அரவணையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமானின் நிலையைத் தமிழ் 'அறிதுயில்' என்று அழைக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன, ஆனால் உலகங்கள் அனைத்தையும் அவர் அறிந்துகொண்டும் காத்துக்கொண்டும் இருக்கிறார். ஹிப்னாடிசத்திற்கும் இதே சொல்லை நம்மவர் சிலர் வழங்குகின்றனர். அச்சொல்லுக்கு உரிய தகுதியை எந்தச் சிகிச்சையும் அறிவு விழித்திருக்கும்போதுதான் பெறும்.

தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்குக் கூறுகிறார். களைத்தவர் இளைப்பாறட்டும், வேண்டுமானால் தக்கவரின் கையைப் பற்றி இளைப்பாறட்டும். பின்னர் ஒவ்வொரு நாளும் சிறிது நேரமேனும் தனிமையில் அமர்ந்து, இறைவனின் திருநாமத்துடன் தம் மனத்தைத் தாமே திருப்பப் பழகட்டும். தொடக்கத்தில் அது ஐந்து நிமிடங்களே நிலைத்தாலும் போதும். கடிவாளம் அப்போது நம் கையில் இருக்கிறது.